செக்ரோல் எழுதும் கையும் சமூக விஞ்ஞானப் படிப்பும்

(கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரும் கிராணிமாரும் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, செயலவைத் தோழர்களே, தாய்மார்களே, கீழே ரப்பர்க் காடுகளிலிருந்து குளிருக்கு அஞ்சாமல் மலையேறி வந்திருக்கும் பால்மரத் தோழர்களே!

பட்டப் படிப்பைப் பற்றிப் பேச வேண்டுமென்று தலைவர் எங்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறார். நாங்கள் இன்னும் பட்டம் வாங்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வாங்கியவர் ஒருவரை அழைத்துப் பேசச் சொல்லலாமே என்று கேட்டுப் பார்த்தோம். "வாங்கியவர் யார் இந்த மலைக்குத் திரும்பி வருகிறார்? பாதி வழியில் நிற்கிற நீங்களே பேசுங்கள்" என்றார். ஆகையால் பாதி வழியில் நிற்பவர்களின் பேச்சாகவே இதை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். இருவர் தோட்டக் காரியாலயத்தில் கிராணிகள். ஒருவர் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் எடை எழுதும் தோழி. மூவரும் லயத்தில் பிறந்து, தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஆறாண்டு படித்தவர்கள். அதன்பின் 'பெராலிஹான்' என்ற புகுமுக வகுப்பில் ஓராண்டு மலாய்மொழியோடு மல்லுக்கட்டி, தட்டுத் தடுமாறி இடைநிலைப் பள்ளியை முடித்து வேலைக்கு வந்தோம். முப்பது வயதைத் தாண்டிய பிறகு, நான்கு ஆண்டுகளுக்கு முன், பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொலைக்கல்விப் பகுதியில் சமூக விஞ்ஞானப் பட்டத்திற்குப் பெயர் பதிந்தோம். அந்தப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது 1969இல். வேலை செய்துகொண்டே வெளியிலிருந்து படிப்பவர்களுக்கான திட்டத்தை 1971லேயே அது ஆரம்பித்துவிட்டது. நாட்டில் இத்தகைய திட்டம் அதுதான் முதல். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் திறந்து கிடக்கும் கதவு! எங்கள் லயத்திலிருந்து அதைத் தட்டியவர் எங்களுக்கு முன்பு ஒருவருமில்லை. இதில் பெருமை கொள்வதா, வெட்கப்படுவதா என்று எங்களுக்கு இன்னும் தெரியவில்லை.

பெயர் பதிந்த செய்தி லயத்தில் பரவியதும் பெரியம்மா முறையுள்ள ஒருவர் கேட்டார்: "விஞ்ஞானமின்னா ராக்கெட்டு விடுவாங்களே, அதாடா தம்பி?" சிரித்துவிட்டோம். ஆனால், "அது இல்லேன்னா பின்னே எது?" என்று அவர் மறுபடியும் கேட்டபோது எங்களுக்குப் பதில் வரவில்லை. அன்று சொல்ல முடியாததை இன்று சொல்லிப் பார்க்கிறோம்.

தோழர்களே, விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுகிறோம். வந்தவருக்கு ஒரு கோடு, வராதவருக்கு ஒரு சுழி. சாயங்காலம் இத்தனை கிலோ என்று எழுதுகிறோம். மாதக் கடைசியில் கூட்டிக் கழித்துச் சம்பளம். செக்ரோல் புத்தகத்தில் இதற்கெல்லாம் பத்தி இருக்கிறது. வராத பெண் ஏன் வரவில்லை என்பதற்குப் பத்தி இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சலா, முதுகு வலியா, முதல் நாள் மழையில் நனைந்ததா என்று எழுத இடமில்லை. கடையில் எவ்வளவு கடன், பெரிய பையன் ஏன் படிப்பை நிறுத்தினான் என்பதும் அதில் ஏறாது. பத்தி இல்லாத சங்கதி காரியாலயத்தைப் பொறுத்தவரை நடக்காத சங்கதி. அந்த இல்லாத பத்திகளை எப்படிக் கோடு போட்டு உண்டாக்குவது, அவற்றில் எழுதியதை மற்றவர் மறுக்க முடியாதபடி எப்படி நிரூபிப்பது என்பதைத்தான் நாங்கள் படிக்கிறோம். சமுதாயம், பொருளாதாரம், அரசியல், மனிதர் வழக்கம் என்று பாடங்களுக்குப் பல பெயர்கள் உண்டு. அடிவேலை இதுதான்.

ஒரே ஓர் உதாரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறோம். நம் எல்லோரையும் தொட்ட உதாரணம் அது.

ஏழை என்று யாரைச் சொல்வது? அரசாங்கம் ஒரு கோடு வைத்திருக்கிறது. ஒரு குடும்பத்தின் மாத வருமானம் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் ஏழை, மேலே இருந்தால் ஏழை இல்லை. 2016இல் அந்தக் கோடு நாட்டின் சராசரிக்குக் குடும்பத்திற்கு மாதம் 980 வெள்ளி என்று இருந்தது. அதன்படி மலேசியாவில் ஏழைக் குடும்பங்கள் நூற்றுக்கு 0.4 தான். ஆயிரம் குடும்பத்தில் நான்கு! 2019 ஆகஸ்டில் ஐக்கிய நாட்டுச் சபையின் பிரதிநிதியாக பிலிப் ஆல்ஸ்டன் என்பவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, இந்தக் கோடு நடைமுறைக்கு ஒவ்வாத அளவுக்குத் தாழ்ந்து கிடக்கிறது என்று சொன்னார். அப்போது மறுப்பு எழுந்தது. மறு ஆண்டு, 2020இல், அரசாங்கமே கணக்கிடும் முறையை மாற்றியது. 2019ஆம் ஆண்டுக்கான கோடு 2,208 வெள்ளி ஆயிற்று. ஏழைக் குடும்பங்கள் நூற்றுக்கு 5.6 ஆயின. எந்தக் குடும்பமும் ஓர் இரவில் ஏழையாகிவிடவில்லை. முன்பே ஏழைகளாக இருந்தவர்கள் அன்றைக்குத்தான் காகிதத்தில் தெரிந்தார்கள்.

இப்போது அந்தக் கோட்டைத் தோட்டத்துக்குக் கொண்டு வருவோம். 2019இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,100 வெள்ளி. பழைய கோட்டின்படி, ஓர் ஆள் வேலை செய்து ஐந்து பேர் சாப்பிடும் வீடு ஏழை வீடு அல்ல. 980க்கு மேலே 120 வெள்ளி இருக்கிறதே! புதிய கோட்டின்படி, புருஷனும் மனைவியும் இருவருமே வேலைக்குப் போனாலும் 2,200 வெள்ளி. சராசரிக் கோட்டுக்கு இன்னும் எட்டு வெள்ளி குறைகிறது. இந்தக் கூட்டலை நாங்கள் போட்டது நிறுவைக் கொட்டகையில், மழைக்கு ஒதுங்கி நின்ற ஒரு மாலையில், கொழுந்து எடை எழுதும் சீட்டின் பின்புறத்தில். போட்டு முடித்ததும் மூவரும் பேசவில்லை. நாமெல்லாம் எத்தனை மேடையில் "வயிறு எரிகிறது, வயிறு எரிகிறது" என்று முழங்கியிருப்போம்! அந்த எட்டு வெள்ளியை யாராவது ஒருவர் எழுந்து சொல்லியிருந்தால், பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு எதிர்ப்பக்கத்துக்குப் போயிருக்கும் அல்லவா?

குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் தீபகற்பத்திற்கு 900 வெள்ளியென்று தொடங்கி, 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக உயர்ந்திருக்கிறது. கோடும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்கு நம்மிலேயே ஆட்கள் வேண்டும் என்பதுதான் எங்கள் வாதம்.

கோடு வைத்து வறுமையை அளப்பது புதிய வேலையுமல்ல. 1899இல் இங்கிலாந்தில் யார்க் என்ற ஊரில், சாக்லெட் தொழிற்சாலை முதலாளியின் மகன் சீபோம் ரவுன்ட்ரீ என்பவர் 11,000க்கும் மேற்பட்ட தொழிலாளர் குடும்பங்களை வீடு வீடாக விசாரிக்கச் செய்தார். ஊர் ஜனத்தொகையில் நூற்றுக்கு ஏறக்குறைய 28 பேர் வறுமையில் கிடப்பதை 1901இல் புத்தகமாகப் போட்டார். குடிப்பதால் ஏழையானான், சோம்பலால் ஏழையானான் என்று பேசித் திரிந்தவர்களுக்கு முன்னால், முழுநேரம் வேலை செய்தும் கூலி போதாமல் ஏழையானவர்களின் கணக்கை வைத்தார். இன்னொன்றும் சொன்னார். தொழிலாளியின் வாழ்வில் வறுமை மூன்று முறை வருகிறது: குழந்தைப் பருவத்தில், தானே பிள்ளைகளை வளர்க்கும் பருவத்தில், உழைக்க முடியாத முதுமையில். இதைப் படித்தபோது யார்க் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. வேலை ஓய்ந்ததும் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கே போவதென்று திகைத்து நிற்கும் நம் தாத்தா பாட்டிமார்தான் தெரிந்தார்கள்.

சரி, இப்படி நம்மை எண்ணியவர்களே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு; நிறையவே உண்டு. தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கத்தைப் பற்றி சார்ல்ஸ் காம்பா 1962லேயே ஒரு நூல் எழுதினார். இந்தியாவிலிருந்து வந்த ரவீந்திர ஜெயின் என்ற மானிடவியலாளர் 1962–63இல் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் தங்கி, நம் கல்யாணம், காது குத்து, சங்கம், சண்டை எல்லாவற்றையும் பார்த்து எழுதினார். அது 1970இல் நூலாக வந்தது. தோட்டத்தின் மெய்ப்பெயரை மறைத்து 'பால் மெலாயு' என்று ஒரு புனைபெயர் கொடுத்திருந்தார். அவருக்குப் பின்னும் பலர் வந்தார்கள். நல்லெண்ணத்தோடு வந்தவர்கள்தாம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த நூல்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுப் பல்கலைக்கழக அலமாரிகளில் இருக்கின்றன. யாரைப் பற்றி எழுதப்பட்டனவோ அவர்கள் வீட்டில் இல்லை. ஜெயின் புத்தகத்தை நாங்கள் கையில் எடுத்தபோது, நம் வீட்டுச் சங்கதியை ஊரார் பேசிக்கொண்டிருக்க, நாம் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பதுபோல் இருந்தது.

இதற்கு நேர்மாறான ஒரு காரியமும் நம் தமிழ் மண்ணில் நடந்திருக்கிறது. 1916இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர், தம் மாணவர்களை விடுமுறைக்கு ஊருக்கு அனுப்பும்போது கையில் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்தனுப்பினார். உன் கிராமத்தில் எத்தனை வீடு, எவ்வளவு நிலம், கூலி என்ன, கடன் எவ்வளவு, வட்டி என்ன என்று நீயே கேட்டு எழுதி வா என்றார். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு போன்ற ஊர்களின் கதை இப்படித்தான் 1918இல் அச்சேறியது. அவற்றில் சில ஊர்களைப் பின்வந்தவர்கள் 1930களிலும், அதற்குப் பிறகும் திரும்பத் திரும்பப் போய் எண்ணியிருக்கிறார்கள். நூறாண்டில் ஒரு கிராமத்தில் யார் நிலத்தை இழந்தார், யார் வாங்கினார் என்று இன்று சொல்ல முடிகிறது. நம் முன்னோர் கப்பலேறி வந்ததும் இத்தகைய ஊர்களிலிருந்துதானே? ஊரை விட்டு வந்தவர்களின் பக்கத்துக் கணக்கை யார் எழுதுவது? 1929இல் ரஸ்ஸல் என்ற ஆங்கிலேயர் ஹாபுப் பக்கம் காட்டை அழித்துப் போ தோட்டத்தைத் திறந்த நாள் தொட்டு எண்ணினால், இந்த மலையில் தேயிலைக்கு நூறு வயது ஆகப் போகிறது. முதன்முதல் கொழுந்து கிள்ளியவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று பாட்டிமார்களாகிவிட்டார்கள். கையால் கிள்ளிய இடத்தில் கத்தரிக்கோலும், இருவர் பிடிக்கும் இயந்திரமும் வந்துவிட்டன. நிரைகளில் வங்காள தேசத்தவரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் நிற்கிறார்கள். அவர்களையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். அவர்கள் வேறு, நாம் வேறு என்று செக்ரோல் சொல்லவில்லை.

இனி, படிப்பின் கஷ்டத்துக்கு வருகிறோம். மறைத்துப் பேசினால் உங்களை ஏமாற்றியவர்களாவோம்.

முதல் கஷ்டம் மொழி. பாடம் மலாய்மொழியில்; மேற்படிப்பு நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்; எங்கள் மூளை தமிழில். 'பெம்போலே உபா' என்று ஒரு சொல் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. 'போலே' என்றால் முடியும், 'உபா' என்றால் மாற்று. எதையோ மாற்றலாம் என்று அனுமதி கொடுக்கிறார்கள் போலும் என்று இரண்டு வாரம் நினைத்துக்கொண்டிருந்தோம். ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறக்கூடிய அளவுக்கு அது பெயர் என்று பிறகுதான் தெரிந்தது: வயது, கூலி, கிலோ. தமிழில் 'மாறி' என்கிறார்கள். அன்று முதல் எங்கள் தோழி ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்தி போட்டு மலாய், ஆங்கிலம், தமிழ் என்று எழுதத் தொடங்கினார். தமிழ்ப் பத்தியை நிரப்பிய பிறகுதான் பாடம் மண்டையில் இறங்கியது. தமிழ்ப்பள்ளியில் படித்ததால் பின்தங்கினோம் என்று சொல்லும் நண்பர்களுக்கு இதைச் சொல்லி வைக்கிறோம்.

'மாதிரி' என்ற சொல்லையே பாருங்கள். ஆயிரம் பேரிடம் கேட்க முடியாதபோது நூறு பேரைப் பொறுக்கிக் கேட்பதற்கு மாதிரி எடுத்தல் என்று பெயர். புத்தகத்தில் அது முப்பது பக்கம். பால்மரத் தோழர்களுக்கோ அரை நிமிஷத்தில் புரியும். நீங்கள் கொண்டுவரும் பாலில் கிராணி கொஞ்சம் எடுத்து மெட்ரோலாக்கில் பார்த்து, வாளி முழுவதற்கும் உலர்ந்த ரப்பர் இவ்வளவு என்று கட்டுகிறாரே, அதுதான் மாதிரி. பாலை நன்றாகக் கலக்காமல் எடுத்தால் என்ன ஆகும்? கணக்குப் பிசகும், பிசகு யார் தலையில் விழும் என்பதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் மலையில் மழை நாளில் கொழுந்தின் ஈரத்துக்கென்று எடையில் கழிக்கிறோம். எந்தக் கூடையைப் பார்த்துக் கழித்தோம் என்பதும் இதே விவகாரம்தான். இத்தனை வருஷம் கழித்து எழுதிய கை எங்களுடையது. அது நியாயமாகக் கழித்ததா என்று கேட்கவே எங்களுக்கு ஒரு பட்டப் படிப்பு வேண்டியிருந்தது. கிராணி துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நிற்பவன். இரண்டு பக்கமும் அவனை முழுதாக நம்புவதில்லை. நம்பாததற்குக் காரணமும் இருக்கிறது.

இரண்டாவது கஷ்டம், நம் பேச்சு வழக்கம். முதல் கட்டுரையை நாங்கள் எப்படி எழுதினோம் தெரியுமா? "உழைப்பே உயர்வு தரும் என்பது ஆன்றோர் வாக்கு" என்று ஆரம்பித்து, வியர்வை, கண்ணீர், ரத்தம் எல்லாம் வரிசையாகக் கொட்டி எட்டுப் பக்கம் எழுதினோம். திரும்பி வந்த தாளில் பத்திக்குப் பத்தி ஓரத்தில் ஒரே கேள்வி: "சான்று எங்கே?" மதிப்பெண்ணைச் சபையில் சொல்ல மாட்டோம். கோபத்தோடு மறுபடி படித்துப் பார்த்தபோது, எட்டுப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தைப் பற்றி ஒரு விவரம்கூட இல்லை என்பது தெரிந்தது. சங்க மேடைகளில் பேசும் நாம் எல்லோரும் அந்த ஓரக் கேள்வியைக் கொஞ்ச நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரியலாம்.

மூன்றாவது, நேரமும் இடமும். வலைவழி வகுப்புக்கு அலை வேண்டும். எங்கள் லயத்தில் மாரியம்மன் கோவில் மேட்டில் ஏறி நின்றால்தான் அலை. மூடுபனி இறங்கிய இரவில் மூவரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கோவில் படியில் உட்கார்ந்து தேவை–அளிப்பு பாடம் கேட்டிருக்கிறோம். பூசாரி முதலில் விரட்டினார். பிறகு விளக்கை அணைக்காமல் விட்டுவிட்டுப் போனார்.

பினாங்குக்கு நேரில் போய்த் தங்கிப் படிக்க வேண்டிய வாரங்களும் உண்டு. அங்கேதான் நிர்வாகத்தோடு மோதல். வேலைச் சட்டப்படி ஆண்டு விடுமுறை இரண்டாண்டுக்குக் குறைந்த சேவைக்கு 8 நாள், ஐந்தாண்டுக்குள் 12 நாள், அதற்கு மேல் 16 நாள். அது போதாது. சம்பளமில்லா விடுப்புக் கேட்டோம். "தேயிலைக்குச் சமூகவியல் எதற்கு?" என்று கேட்டார் நிர்வாகி. மூன்று மனு போட்டோம். மூன்றும் மேசையிலேயே கிடந்தன. நான்காவது மனுவோடு சங்கத்தின் கடிதமும் போயிற்று, விடுப்புக் கிடைத்தது. சங்கம் என்றால் சம்பளத்துக்கு மட்டும் என்று நினைத்திருந்தவர்களில் நாங்களும் இருந்தோம்.

பணம்? அதற்கும் வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதம் முதல் மூன்று கணக்காகப் பிரித்திருக்கிறார்கள் அல்லவா? அதில் 'செஜாத்ரா' கணக்கிலிருந்து தமக்கோ பிள்ளைகளுக்கோ உயர்கல்விச் செலவுக்குப் பணம் எடுக்கலாம். பி.டி.பி.டி.என். கடனும் உண்டு, அது கடன் என்பதை மறவாமல் வாங்க வேண்டும். தேர்ச்சிச் சான்றிதழ் போதவில்லை என்று ஒதுங்கி நிற்பவர்களுக்கு 'ஏப்பல்' என்றொரு முறை இருக்கிறது. 21 வயது நிறைந்து, வேலை அனுபவம் உள்ளவர்கள், ஒரு தேர்வும் தம் அனுபவத்தைக் காட்டும் கோப்பும் கொடுத்துப் பட்டப் படிப்புக்கு நுழையத் தகுதி பெறலாம். இருபது வருஷம் மரம் சீவியவருக்கு அந்தக் கோப்பில் எழுத எவ்வளவோ இருக்கும்.

பட்டம் வாங்கினால் சம்பளம் கூடுமா என்று கேட்டால், எங்கள் தோட்டத்தில் கூடாது. செக்ரோலுக்கு இதே சம்பளம்தான். படித்தவன் தோட்டத்தை விட்டு ஓடிவிடுவான் என்கிறார்கள். ஓடட்டுமே! தன் பிள்ளை இந்தக் குளிரில் கூடை சுமக்கக்கூடாது என்று நினைக்காத தாய் இங்கே யாராவது உண்டா? போகிறவரைப் பழிப்பது நம் வேலையல்ல. இருந்துகொண்டே படிக்கவும் ஒரு வழி உண்டு என்பதைக் காட்டுவது மட்டுமே எங்களால் முடிந்தது.

நம் மூத்தவர்கள் இதைச் செய்திருக்கிறார்கள். 1950களின் நடுவில் கோ. சாரங்கபாணி அவர்கள் 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டுமென்று, ஆளுக்கு ஒரு வெள்ளி. அந்த வெள்ளியில் தோட்டத்து வெள்ளியும் இருந்தது. கொடுத்தவர்களில் பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வேண்டுமென்றது. நல்ல பள்ளிக்கூடம் வேண்டுமென்று சொல்லவில்லை. அந்தப் பள்ளிக்கூடங்களில் படித்தும் படிக்காமலும் வளர்ந்தவர்கள் கொடுத்த வெள்ளி அது. பல்கலைக்கழக வாசலை அவர்கள் கண்டிருக்கவே மாட்டார்கள்.

இப்போது, பேசத் தயங்கிக்கொண்டிருந்த விஷயத்துக்கு வருகிறோம். மூவர் என்றோமே, இப்போது படிப்பவர் இருவர்தான். எங்கள் தோழியின் தகப்பனாருக்கு வேலை ஓய்வு வந்தது. கூடவே நோயும் வந்தது. லயத்து வீடு தகப்பனார் பெயரில் இருந்தது. வீட்டு விவகாரம், மருத்துவமனை, தம்பி பள்ளி என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியதில் இரண்டாம் ஆண்டோடு நிறுத்திவிட்டார். எங்கள் மூவரில் கணக்கில் கெட்டிக்காரர் அவர்தான். அந்த எட்டு வெள்ளியைக் கண்டுபிடித்ததும் அவரே. மூன்று பத்தி நோட்டை எங்கள் கையில் கொடுத்துவிட்டு, "தேர்வுக்கு உங்களுக்குத்தான் வேணும்" என்றார். ரவுன்ட்ரீ சொன்ன மூன்றாவது வறுமை, ஒரு வீட்டில் முதியவரைப் பிடித்தால் படிக்கிற மகளையும் சேர்த்துப் பிடிக்கும் என்பதை எந்தப் பாடத்திலும் எங்களுக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. அன்று அவருக்கு உதவ எங்கள் கிளையில் ஒரு வழியும் இல்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கடைசி ஆண்டுக்கு ஆய்வுக் கட்டுரை ஒன்று எழுத வேண்டும். எங்கள் லயத்து வீடுகளின் மாத வரவு செலவை எடுத்துக்கொண்டோம். 1857இல் எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மானியர், பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் செலவுக் கணக்கை வைத்து, வருமானம் குறையக் குறையச் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு கூடும் என்று காட்டினார். (மார்க்சின் நண்பர் எங்கெல்ஸ் வேறு, இவர் வேறு. நாங்களும் முதலில் குழம்பினோம்.) அதே கேள்வியை எங்கள் லயத்தில் கேட்டுப் பார்ப்பது எங்கள் வேலை.

நோட்டோடு முதல் வீட்டுப் படியேறினோம். நாற்பது வருஷம் கொழுந்து கிள்ளிய பாட்டி அவர். "காரியாலயத்திலிருந்தா வர்றீங்க?" என்று கேட்டார். கிராணி நோட்டோடு வந்தால் யாருக்கோ பிடித்தம் என்றே அவர் கண்டிருக்கிறார். இல்லை பாட்டி, படிப்புக்காக என்றோம். அரிசி, மீன், வெற்றிலை, சீட்டு, கோவில் வரி, பேரனுக்குப் பஸ் காசு என்று எல்லாம் சொன்னார். முடித்ததும், பல்கலைக்கழக விதிப்படி, "உங்கள் பெயரை எங்கும் போட மாட்டோம்; யாருக்கும் தெரியாது" என்று உறுதி கூறினோம். பாட்டி முகம் மாறிவிட்டது.

"ஏன் போடமாட்டீங்க? நான் சொன்னதுன்னு பின்னே யாருக்குத் தெரியும்? செக்ரோல்ல நாப்பது வருஷம் எம்பேரு இருந்திச்சே, அப்போ மட்டும் போட்டீங்களே!"

பெயரை மறைப்பது சொன்னவருக்குத் தீங்கு வராமல் காப்பதற்காக. அந்த விதி சரியான விதிதான். நிர்வாகத்தின் கோபமோ, கடைக்காரரின் கோபமோ பாட்டியின் வீட்டுக்கு வரக்கூடாது. ஆனாலும் பாட்டி கேட்டதற்குப் பதில் எந்த நூலிலும் கிடைக்கவில்லை. கட்டுரையில் அவர் 'வீடு 1'. எங்கள் நோட்டில் அவர் பெயர் முழுதாக, தகப்பனார் பெயரோடு, அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறது. கட்டுரை முடிந்ததும் தமிழில் சுருக்கி எழுதி, பெரட்டுக் களத்திலேயே எல்லோருக்கும் படித்துக் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறோம்.

செயலவைக்கு எங்கள் வேண்டுகோள் மூன்றும் சிறியவை. சங்க அறையை ஞாயிறு மத்தியானம் படிப்பவர்களுக்குத் திறந்து விடுங்கள். ஒரு மேசை, ஒரு விளக்கு, அலைத்தொடர்பு போதும். தேர்வுக்கும் வகுப்புக்கும் விடுப்புக் கேட்பவருக்குச் சங்கக் கடிதம் முதல் மனுவோடேயே போகட்டும். நான்காவது வரை காத்திருக்க வேண்டாம். எங்கள் தோழியைப்போல் நடுவில் நின்றவர்களின் அந்த ஆண்டுக் கட்டணத்துக்கு, ஆளுக்கு மாதம் ஒரு வெள்ளி என்று தனி உண்டியல் வைக்கலாமா என்பதை அடுத்த செயலவைக் கூட்டத்தில் விவாதியுங்கள். அவர் இன்று இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார், பின்வரிசையில் இருக்கிறார். எங்களைத் திட்டப் போகிறார்.

தொழிலாளத் தோழர்களுக்கும் ஒன்று. பழைய சம்பளச் சீட்டுகளைக் கிழித்து அடுப்பு மூட்டாதீர்கள். உங்கள் அப்பா, பாட்டி காலத்துச் சீட்டு டிரங்குப் பெட்டியில் கிடந்தால் இன்னும் நல்லது. வரும் ஞாயிறு இரண்டு மணிக்கு நாங்கள் சங்க அறையில் இருப்போம், கொண்டு வாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு சீட்டை உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவோம். ஈரம் பட்டு எழுத்து மங்கியிருந்தாலும் பரவாயில்லை. தேதி தெரிந்தால் போதும்.